லெஸ்டர் சிட்டி: 2014–15 சீசன்

இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கால்பந்து கிளப், 2014–15 பிரீமியர் லீக் சீசனில் தரமிறக்கத்தின் விளிம்பிலிருந்து மீண்டது. 29 ஆட்டங்கள் முடிந்தபோது 19 புள்ளிகளுடன் இருபது அணிகளில் கடைசியாகக் கிடந்த அணி, மிச்சமிருந்த ஒன்பதில் ஏழு ஆட்டங்களை வென்று, 41 புள்ளிகளுடன் 14ஆம் இடத்தில் முடித்தது. அடுத்த ஆண்டே அது லீக் பட்டத்தை வென்றுவிட்டதால், இந்தச் சீசன் பெரும்பாலும் அந்தச் சாதனையின் முன்னுரையாக மட்டுமே பேசப்படுகிறது. அது நியாயமல்ல. பட்டம் வென்ற அணி உருவானதே இந்த ஒன்பது மாதப் போராட்டத்தில்தான்.

பிரீமியர் லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டங்கள். வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று. கடைசி மூன்று அணிகள் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கியாக வேண்டும். இறங்கினால் தொலைக்காட்சி வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும்; நல்ல ஆட்டக்காரர்களை விற்க நேரும்; அலுவலகத்திலும் மைதானத்திலும் வேலை பார்க்கும் சாதாரண ஊழியர்களின் பிழைப்பும் ஆட்டம் காணும். ஏப்ரல், மே மாதங்களில் பட்டியலின் அடிப்பகுதியில் நடக்கும் ஆட்டங்களுக்கு அவ்வளவு உக்கிரம் வருவது இதனால்தான்.

முன்கதை

1884இல் லெஸ்டர் ஃபாஸ் என்ற பெயரில் தொடங்கிய கிளப் இது. 2004இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி, 2008இல் மூன்றாம் பிரிவு வரை சரிந்தது. அங்கிருந்து ஒரே ஆண்டில் மேலேற்றியவர் மேலாளர் நைஜல் பியர்சன். இடையில் ஹல் சிட்டிக்குப் போன அவர் 2011இல் திரும்பி வந்தார். அதற்குள் கிளப், கிங் பவர் நிறுவனத்தை நடத்திய தாய்லாந்துத் தொழிலதிபர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபாவின் கைக்கு மாறியிருந்தது.

2013 மே மாதம் லெஸ்டர் ரசிகர்கள் மறக்க விரும்பும் ஓர் ஆட்டம் நடந்தது. பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான பிளேஆஃப் சுற்றில், வாட்ஃபோர்டுக்கு எதிரான அரையிறுதியின் கடைசி நிமிடங்களில் லெஸ்டருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கோல் விழுந்தால் இறுதிப்போட்டி. வாட்ஃபோர்டு கோல்கீப்பர் அதைத் தடுத்தார்; பந்து அப்படியே மறுமுனைக்குப் போய் லெஸ்டரின் வலைக்குள் விழுந்தது. அந்த அடியில் குலைந்துபோகாமல், அடுத்த சீசனில் 102 புள்ளிகள் எடுத்துச் சாம்பியன்ஷிப்பை வென்று மேலே வந்தது இதே அணி. பியர்சன் வளர்த்த கூட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

ஏற்றமும் சரிவும்

மேலே வந்ததும் பிரைட்டனிலிருந்து லியனார்டோ உய்யோவாவை வாங்கினார்கள். இன்டர் மிலானில் சாம்பியன்ஸ் லீக் வென்ற அர்ஜென்டினாவின் எஸ்டெபான் காம்பியாசோ, மாற்றுத்தொகை ஏதுமின்றி வந்து சேர்ந்தார். அவருக்கு வயது 34. இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் லெஸ்டருக்கு ஏன் வருகிறார் என்று பலரும் வியந்தார்கள்.

செப்டம்பர் 21 அன்று மான்செஸ்டர் யுனைடெட், லெஸ்டரின் சொந்த மைதானத்தில் 3–1 என்று முன்னிலையில் இருந்தது. வான் பெர்சி, ஃபால்காவ், ரூனி, டி மரியா என்று விலையுயர்ந்த முன்வரிசை. அவர்கள் நடுவே இங்கிலாந்துக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத ஜேமி வார்டி ஓடத் தொடங்கினார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சிற்றூர் அணிக்கு ஆடியவர். அன்று இரண்டு பெனால்டிகளைப் பெற்றுத்தந்து, தன் முதல் பிரீமியர் லீக் கோலையும் அடித்தார். லெஸ்டர் 5–3 என்று வென்றது. ஐந்து ஆட்டங்களில் எட்டுப் புள்ளிகள்.

அதன்பிறகு பதின்மூன்று ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. கிடைத்தது இரண்டே புள்ளிகள். நியூகாசில், ஸ்வான்சி, வெஸ்ட் பிராம், சவுத்தாம்ப்டன், சண்டர்லாந்து ஆகிய ஐந்து அணிகளுக்கு எதிராகத் தொடர்ந்து ஒரு கோல்கூட அடிக்கவில்லை. வெஸ்ட் பிராமிடம் தோற்றது சொந்த வலைக்குள் விழுந்த கோலால்; தவறுதலாக அதை அடித்தவர் காம்பியாசோவேதான். நவம்பர் 29 அன்று பட்டியலில் கடைசி இடத்துக்கு விழுந்த அணி 140 நாட்கள் அங்கேயே கிடந்தது. கிறிஸ்துமஸ் அன்று கையில் பத்துப் புள்ளிகள். பிரீமியர் லீக் வரலாற்றில் அந்த நாளில் கடைசியாக இருந்துவிட்டுப் பிழைத்தவை அதுவரை இரண்டே அணிகள்: 2004–05இல் வெஸ்ட் பிராம், 2013–14இல் சண்டர்லாந்து.

அழுத்தம் பியர்சனின் நடத்தையிலும் தெரிந்தது. டிசம்பரில் சொந்த ரசிகர் ஒருவரைத் திட்டியதற்காக அவருக்கு அபராதமும் ஓர் ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. பிப்ரவரி 7 அன்று கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில், எல்லைக்கோட்டைத் தாண்டி வந்து தன்மீது மோதிய ஜேம்ஸ் மெக்கார்த்தரின் கழுத்தைப் பிடித்தார். மறுநாள் அவர் நீக்கப்பட்டதாகச் செய்தி பரவியது. கிளப் அன்றிரவே மறுத்தது. கடைசி இடத்தில் இருக்கும் அணியின் மேலாளருக்கு இப்படி அவகாசம் கிடைப்பது இங்கிலாந்தில் அரிது.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சீசன் முழுவதும் லெஸ்டர் தோற்றது 19 ஆட்டங்கள். அவற்றில் பத்து ஒரே கோல் வித்தியாசத்தில். இரண்டு கோலுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் அது ஒருமுறைகூடத் தோற்கவில்லை. தரமிறங்கும் அணிகள் வழக்கமாக நான்கும் ஐந்தும் வாங்கி நொறுங்கும். இந்த அணி நொறுங்கவில்லை. ஒவ்வொரு வாரமும் கொஞ்சத்தில் கோட்டைவிட்டது. மார்ச் 21 அன்று டாட்டன்ஹாமிடம் 4–3 என்று தோற்றபோது பாதுகாப்பான இடத்துக்கும் லெஸ்டருக்கும் இடையே ஏழு புள்ளிகள் இருந்தன. ஆனாலும் அன்று லண்டனில் மூன்று கோல் அடித்த அணியைத் துவண்ட அணி என்று சொல்ல முடியாது.

ஒன்பது ஆட்டங்கள்

மாற்றம் முதலில் பின்வரிசையில் வந்தது. பியர்சன் மூன்று நடுத்தடுப்பாட்டக்காரர்களை நிறுத்தத் தொடங்கினார்: கேப்டன் வெஸ் மோர்கன், போலந்தின் வாசிலெவ்ஸ்கி, பிப்ரவரித் தொடக்கத்தில் ஸ்டோக்கிலிருந்து கடனாக வந்த ராபர்ட் ஹூத். அதுவரை பெரும்பாலும் பெஞ்சில் இருந்த மார்க் ஆல்பிரைட்டனுக்கு ஓரத்தில் முழு நீளமும் ஓடும் வேலை கிடைத்தது. கால் முறிவிலிருந்து மீண்ட கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் திரும்பினார். முதல் 29 ஆட்டங்களில் 48 கோல் வாங்கிய அணி, கடைசி ஒன்பதில் வாங்கியது ஏழு. அடித்தது 19.

ஏப்ரல் 4 அன்று வெஸ்ட் ஹாமை 2–1 என்று வென்றார்கள்; ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது விழுந்த வெற்றிக் கோல் ஆண்டி கிங்குடையது. அதற்குச் சில நாள் முன்புதான், லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் 2012இல் கண்டெடுக்கப்பட்ட மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புகளை நகரின் பேராலயத்தில் அடக்கம் செய்திருந்தார்கள். மன்னர் சாந்தியடைந்த பின்தான் அணிக்கு நல்ல காலம் பிறந்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. புள்ளிவிவரம் அதை ஏற்காது. ஆனாலும் ஒரு நகரம் தன் அணியோடு தன் வரலாற்றையும் சேர்த்துக் கட்டிக்கொள்வதில் ஓர் அழகு இருக்கிறது.

இந்தச் சீசன் உண்மையில் திரும்பியது ஏப்ரல் 11 அன்று, வெஸ்ட் பிராமின் மைதானத்தில். லெஸ்டர் இருமுறை பின்தங்கியது. பத்து நிமிடம் இருக்கும்போது ஹூத் தலையால் முட்டிச் சமன் செய்தார். 91ஆம் நிமிடம். நடுக்கோட்டருகே பந்தைப் பறித்த வார்டி நேராகக் கோலை நோக்கி ஓடினார். பின்னால் துரத்தி வருகிறார்கள், பக்கத்தில் உதவிக்கு வர இன்னும் யாருக்கும் நேரமில்லை. பெட்டியின் விளிம்பில் வேகத்தைக் குறைக்காமலே அடித்தார். பந்து கோல்கீப்பரைத் தாண்டித் தூர மூலையில் விழுந்தது. 3–2. அடுத்த வாரம் ஸ்வான்சியை 2–0 என்று வென்றதும் லெஸ்டர் தரமிறக்க வட்டத்தைவிட்டு மேலேறியது.

ஏப்ரல் 25 அன்று எதிரணி, அதே ஆபத்தில் இருந்த பர்ன்லி. கோல் ஏதும் விழாத இரண்டாம் பாதியில் பர்ன்லிக்குப் பெனால்டி கிடைத்தது. மாட் டெய்லர் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியேறியது. ஒரு நிமிடம் முடிவதற்குள் மறுமுனையில் ஆல்பிரைட்டன் உள்ளே அனுப்பிய பந்து தடுமாறி விழ, மிக அருகிலிருந்து வார்டி வலைக்குள் தள்ளினார். ஆட்டத்தின் ஒரே கோல் அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வாட்ஃபோர்டில் தனக்கு நடந்ததை லெஸ்டர் இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தது. பர்ன்லி ரசிகர்களுக்காகவும் வருந்தாமல் அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்க முடியாது.

நடுவில் செல்சியிடம் 3–1 என்று ஒரு தோல்வி. பிறகு நியூகாசிலை 3–0, லெஸ்டர் வீரர் மஹ்ரெஸின் இரண்டு கோல்களால் சவுத்தாம்ப்டனை 2–0. மே 16 அன்று சண்டர்லாந்தில் கோலற்ற டிரா, பிழைப்பு உறுதி. கடைசி நாளில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை 5–1 என்று வென்றார்கள். ஹல், பர்ன்லி, குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ஆகிய மூன்றும் இறங்கின. ரசிகர்களின் விருது காம்பியாசோவுக்குப் போனது; தகுதியானவர். சரிவின் நாட்களில் பதறாமல் பந்தைக் காலில் வைத்திருந்தவர் அவர்.

பின்விளைவு

காம்பியாசோ புதிய ஒப்பந்தத்தை ஏற்காமல் கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸுக்குப் போனார். பியர்சனும் நிலைக்கவில்லை. சீசன் முடிந்து அணி தாய்லாந்து போயிருந்தபோது நடந்த ஓர் ஒழுங்கீனத்துக்காக மூன்று இளம் வீரர்கள் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பியர்சனின் மகன். ஜூன் 30 அன்று பியர்சனும் நீக்கப்பட்டார். கிளாடியோ ரனியேரி வந்தார். பந்தயக்காரர்கள் லெஸ்டரின் பட்ட வாய்ப்பை 5000க்கு 1 என்று மதிப்பிட்டார்கள்.

2016இல் 81 புள்ளிகளுடன் பட்டம் வென்ற வழக்கமான பதினொருவரில் கான்டே, ஒகசாக்கி, ஃபுக்ஸ் ஆகிய மூவர் மட்டுமே புதியவர்கள். ஷ்மைக்கேல், சிம்ப்சன், மோர்கன், ஹூத், டிரிங்க்வாட்டர், ஆல்பிரைட்டன், மஹ்ரெஸ், வார்டி ஆகிய எண்மரும் அந்த ஏப்ரலைக் கடந்து வந்தவர்கள். பியர்சனின் காலத்தில் சேர்க்கப்பட்டவர்கள்தான் இவர்களில் மிகப் பெரும்பாலோர். கோப்பையைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

2022–23இல் லெஸ்டர் மறுபடியும் அதே குழியில் விழுந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் மேலாளர் பிரெண்டன் ரோஜர்ஸை நீக்கி, எட்டு ஆட்டங்கள் மட்டும் இருக்கும்போது டீன் ஸ்மித்தை அமர்த்தினார்கள். கடைசி நாளில் வெஸ்ட் ஹாமை 2–1 என்று வென்றும், அதே நேரத்தில் எவர்டன் வென்றுவிட்டதால், 34 புள்ளிகளுடன் 18ஆம் இடத்தில் முடித்துக் கீழிறங்கியது.