இடுப்பு மூட்டும் நோயாளியின் வாக்கும்

புத்தளக் கரையோரத்து வாழ்க்கை நிலத்தோடு ஒட்டிய வாழ்க்கை. உடப்பிலே கரைவலை இழுத்தவர் மணலிற் குந்தியிருந்து மீனைத் தெரிந்தெடுக்கின்றார். கற்பிட்டியிலே பாய் விரித்து உண்பதும் உறங்குவதும் இன்னும் மறையாத வழக்கம். பள்ளிவாசலில் தொழுகின்றவர் நெற்றி நிலத்திற் படத் தாழ்ந்து எழுகின்றார். இவை யாவற்றுக்கும் இடுப்பு மூட்டு நன்கு மடங்கவேண்டும். அம்மூட்டுத் தேய்ந்துபோன ஒருவருக்குச் சத்திரசிகிச்சை செய்து செயற்கை மூட்டுப் பொருத்தினால், அது வெற்றி என்று கூறும் உரிமை யாருக்குரியது? கத்தி பிடித்தவருக்கா, அந்த மூட்டோடு வாழ்பவருக்கா? இக்கேள்வி நூறாண்டுக்கு மேற்பட்டது.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஏர்னஸ்ட் கொட்மன் என்னும் சத்திரவைத்தியர் இருந்தார். நோயாளி வைத்தியசாலையை விட்டுப் போனதோடு கணக்கு முடிவதில்லை, ஓராண்டின் பின்னும் அவர் நிலையை விசாரித்து எழுதிவைக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். தாம் நிறுவிய சிறு வைத்தியசாலையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்ற 337 பேரைப் பற்றி அறிக்கை வெளியிட்டு, 123 பிழைகளையும் தாமே ஒப்புக்கொண்டார். சகவைத்தியர்கள் இதனை விரும்பவில்லை என்பதில் வியப்பில்லை.

இடுப்பு மூட்டுக்கென எழுந்த பழைய அளவுகோல்களுள் ஒன்று 1954 இல் பிரான்சிலிருந்து வந்தது. மேர்ள் டோபின்யே, பொஸ்தல் என்போர் நோவு, அசைவு, நடை மூன்றுக்கும் தனித்தனியே ஆறு புள்ளி வரை வழங்கினர். 1969 இல் பொஸ்டனின் வில்லியம் ஹரிஸ் நூறு புள்ளித் திட்டமொன்றை வகுத்தார். அதில் நோவுக்கு மட்டும் 44. ஆனால் புள்ளியிடுபவர் வைத்தியரே.

இதனிடையே இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி செய்த முயற்சியிற் சற்றுத் தங்கவேண்டும். பழைய வகை அக்கிரிலிக் மூட்டுப் பொருத்தப்பட்ட ஒருவர் அவரிடம் வந்தார். அவர் உணவு மேசையிற் சாயும்போதெல்லாம் மூட்டுக் கிறீச்சிடுமாம். மனைவி பொறுக்கமாட்டாமல் அறையை விட்டுப் போய்விடுவாராம். நேயர்களுக்கு நகைப்பாகத் தோன்றினும், உராய்வு குறைந்த மூட்டைத் தேடச் சார்ன்லியைத் தூண்டியவற்றுள் இவ்வீட்டுச் செய்தியும் ஒன்று. 1958 முதல் டெஃப்லான் கிண்ணத்தை ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்தினார். நோவு நீங்கி நோயாளர் மகிழ்ந்தனர். ஆயினும் கிண்ணம் உள்ளே தேய்ந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அவற்றை அகற்ற நேர்ந்தது. 1962 நவம்பரிலேதான் பொலிஎதிலீன் கிண்ணம் வந்தது. ஆகவே நோயாளியின் மகிழ்ச்சி மட்டுமே சான்றாகாது. அதனைக் கேளாத கணக்கும் முழுக் கணக்காகாது.

1996 இல் அமெரிக்க ஆய்வொன்று வைத்தியர் மதிப்பீட்டையும் நோயாளர் மதிப்பீட்டையும் ஒப்பிட்டது. நோயாளிக்கு நோவு மிகுந்திருந்த இடங்களிலே இருவர் மதிப்பீடும் அதிகம் விலகியிருந்தன. அதாவது, யாருடைய சொல்லைக் கேட்பது மிக அவசியமோ, அவருடைய சொல்லே குறைவாகக் கேட்கப்பட்டது. அதே ஆண்டில் ஒக்ஸ்போர்ட் அறிஞர் நோயாளரோடு உரையாடி, அவரே நிரப்பும் பன்னிரண்டு கேள்விகளை அமைத்தனர். 2009 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் அரச மருத்துவசேவை, சிகிச்சைக்கு முன்னும் ஆறு மாதத்தின் பின்னும் இவற்றைக் கேட்டுப் பதியத் தொடங்கியது.

இனி அப்பன்னிரண்டு கேள்விகளையும் கற்பிட்டிக்குக் கொண்டுவருவோம். இரவில் நோவு வருகின்றதா, நடை நொண்டுகின்றதா என்பவை எங்கும் பொருந்தும். காலுறை அணிய முடிகின்றதா என்பதோ? மணலில் வெறுங்காலுடன் நடக்கும் முதியவர் என்ன விடை சொல்வார்? உணவு முடிந்து கதிரையிலிருந்து எழும்போது நோகின்றதா என்று கேட்கும் தாள், பாயிலிருந்து எழுவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பின்புறமாக மூட்டு நழுவிவிடும் என அஞ்சி, சிகிச்சைக்குப் பின் சில காலமேனும் தாழ இருக்கவேண்டாம், சம்மணமிடவேண்டாம் என்று வைத்தியர் பலர் எச்சரித்து வந்துள்ளனர். நல்ல காரணமே. ஆனால் தொழுகை வரிசையின் ஓரத்திற் கதிரையிட்டு அமர்ந்தவரும், குந்த முடியாமல் வலைத்தொழிலைக் கைவிட்டவரும் அத்தாளில் ஏறத்தாழ முழுப்புள்ளி பெற்றுவிடக்கூடும்.

மொழியும் ஒரு தடை. தமிழகத்தில் வலி என்பதை இக்கரையார் நோவு என்பர்; உளைவு வேறு, குத்து வேறு, கடுப்பு வேறு. எனவே ஒரு நாட்டுக் கேள்வித்தாளை மற்றொரு நாட்டுக்கு ஆக்கும்போது, ஒருவர் பெயர்த்ததை வேறொருவர் மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்து ஒப்பிடுவதும், பின்னர் அவ்வூர் நோயாளர் சிலரிடம் படித்துக்காட்டி அவர் எவ்வாறு விளங்கிக்கொண்டார் என அறிவதும் முறையாகக் கொள்ளப்படுகின்றன. இக்கடைசிப் படியே இங்கு மிகக் கடினமானது. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் பயணம் செய்து புத்தளத்துக்குத் திரும்பிய முதியவரிடம் வைத்தியர் சுகம் விசாரித்தால், மரியாதையின் பொருட்டு, "பரவாயில்லை, ஐயா" என்றே சொல்லுவார். அருகில் நிற்கும் மகனும் தலையசைப்பார். பாயில் இருக்க இயலுகின்றதா, கிணற்றடிக்குப் போய்வர முடிகின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டபின்னரே மெய்யான விடை மெல்ல வெளிவரும்.