‘பைப்’னு சொன்னா ஃபெயிலா? லண்டன் பள்ளிகளும் ஒரு சின்னப் புத்தகமும்

இன்னைக்கு எபிசோடுக்கு முன்னாடி ஒரு சின்னக் கேள்வி. வீட்ல தண்ணி பிடிக்க எதைத் திறப்பீங்க? புத்தகத் தமிழில் குழாய். ஆனா நம்மில் பாதிப் பேர் வாயில் வருவது ‘பைப்’. “பைப்பை மூடுடா, தண்ணி வேஸ்ட் ஆகுது” என்று திட்டு வாங்காமல் வளர்ந்தவர்கள் குறைவு.

இப்போ ஒரு ஏழு வயசுக் குழந்தையை நினைச்சுக்கோங்க. முன்னால் ஒரு படம். “இது என்ன?” என்று கேட்கிறார்கள். குழந்தை “பைப்” என்கிறது. கேட்டவர் எதிர்பார்த்த பதில் ‘டேப்’. ஒரு மார்க் போச்சு. இதே மாதிரி இன்னும் பத்துக் கேள்வி. கடைசியில் ஒரு எண் வருகிறது. அந்த எண்ணை வைத்து, இந்தக் குழந்தைக்கு மூளை வளர்ச்சி போதாது, சாதாரணப் பள்ளியில் வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள்.

1960-களின் லண்டனில் ஐ.க்யூ. தேர்வுகளை விமர்சித்தவர்கள் சொன்ன உதாரணம் இது. கரீபியன் தீவுகளிலும் நம்மூர் மாதிரியே அதற்கு ‘பைப்’ என்றுதான் பெயர். ஜமைக்காவில் இருந்து போன குழந்தை தனக்குத் தெரிந்த சரியான பதிலைத்தான் சொன்னது.

பள்ளிக்கூடத்தில் இனவெறியைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கணுமா, வேண்டாமா என்று உலகம் முழுக்க இன்னைக்கும் சண்டை நடக்குது. அந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள பிரிட்டன் நல்ல உதாரணம். அங்கே பாடப்புத்தகத்தில் இனவெறி வருவதற்கு ரொம்ப முன்பே, பள்ளிக்கூடத்துக்குள் அது வேலை செய்துகொண்டிருந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1948 ஜூன் 22. எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் கரீபியன் தீவுகளில் இருந்து ஆட்களோடு லண்டனுக்குப் பக்கத்தில் டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் ஆள் பற்றாக்குறை. பஸ், ரயில், மருத்துவமனை என எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. பேரரசின் குடிமக்கள் என்ற உரிமையோடு வந்தார்கள். பிறகு பிள்ளைகளையும் வரவழைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனபோது பிரச்சினை தொடங்கியது.

1944-ம் ஆண்டு கல்விச் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டனில் ‘இ.எஸ்.என்.’ என்று ஒரு வகை உருவானது. கல்வி ரீதியாக இயல்புக்குக் கீழே உள்ளவர்கள் என்று அர்த்தம். இவர்களுக்குத் தனிப் பள்ளி. அங்கே போனவர்கள் சாதாரணப் பள்ளிக்குத் திரும்புவது அபூர்வம். பரீட்சை, சான்றிதழ், நல்ல வேலை எதுவும் கையில் சிக்காது. 1967-ல் லண்டன் உள்நகரக் கல்வி ஆணையத்தின் சாதாரணப் பள்ளிகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள் 15 சதவீதம். அதே ஆணையத்தின் இ.எஸ்.என். பகல் பள்ளிகளில் 28 சதவீதம். அதிலும் பெரும்பகுதி கரீபியன் பிள்ளைகள்.

மெஷின் லேர்னிங் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு மாடல் ஒரு குழுவை மட்டும் திரும்பத் திரும்பத் தப்பாக வகைப்படுத்தினால், முதலில் டேட்டாவைப் பார்ப்போம், லேபிள் போட்டது யார் என்று கேட்போம். அன்றைக்குப் பல அதிகாரிகள் லேபிளை அப்படியே நம்பிவிட்டு, பிள்ளைகளின் மூளையில் என்ன கோளாறு என்று தேடினார்கள். 1969-ல் வடக்கு லண்டனின் ஹாரிங்கே பகுதியில் ஓர் உள் அறிக்கை வெளியே கசிந்தது. கரீபியன் பிள்ளைகளுக்கு ஐ.க்யூ. குறைவு என்பதை ஓர் அடிப்படை உண்மை போல எடுத்துக்கொண்ட அறிக்கை அது. படித்த பெற்றோர்கள் கொதித்துப் போனார்கள். கூட்டம் போட்டார்கள், போராடினார்கள்.

இந்தச் சூழலில்தான் பெர்னார்ட் கோர்ட் வருகிறார். கிரெனடா தீவைச் சேர்ந்த இளைஞர். லண்டனில் இ.எஸ்.என். பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகளை நேரில் பார்த்தார். பலருக்கு எந்தக் குறையும் இல்லை. புது நாடு, புதுக் குளிர், வேறு மாதிரி ஆங்கிலம், தங்களை மட்டமாக நினைக்கும் டீச்சர். இவ்வளவுதான் வித்தியாசம். 1971-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பிரிட்டிஷ் பள்ளி அமைப்பு மேற்கிந்தியக் குழந்தையை எப்படி ‘இயல்புக்குக் கீழே’ ஆக்குகிறது என்பது தலைப்பின் சாரம். அந்த ‘ஆக்குகிறது’ என்ற வினைச்சொல்லைக் கவனிங்க. குழந்தை அப்படிப் பிறக்கவில்லை, ஓர் அமைப்பு அதை அப்படிச் செய்கிறது என்கிறார்.

புத்தகத்தை வெளியிட்டது நியூ பீக்கன் புக்ஸ். டிரினிடாட்காரரான ஜான் லா ரோஸும் சாரா வைட்டும் 1966-ல் தொடங்கிய பதிப்பகம். கோர்ட் தன் புத்தகத்தை அதிகாரிகளுக்காக எழுதவில்லை, பெற்றோர்களுக்காக எழுதினார். எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள், தேர்வு முடிவைக் கேளுங்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள் என்ற தொனி. ‘ஸ்பெஷல் ஸ்கூல்’ என்றதும் ஏதோ சிறப்பான பள்ளி என்று நம்பிக் கையெழுத்துப் போட்ட பெற்றோர் இருந்தார்கள். அவங்களுக்கு இந்தப் புத்தகம் எப்படி இறங்கியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கோர்ட்டின் மீதிக் கதையையும் சொல்லிடறேன். ஊர் திரும்பி அரசியலுக்குப் போனார், கிரெனடாவின் துணைப் பிரதமரானார். 1983-ல் பிரதமர் மாரிஸ் பிஷப் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்று 2009 வரை சிறையில் இருந்தார். அது தனி எபிசோடுக்கான கதை. 1971-ல் அவர் எழுதியது சரியா என்பதை அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் பார்க்கணும்.

பெற்றோர்கள் அடுத்துச் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அரசு மாறும்வரை காத்திருக்காமல் சனிக்கிழமைப் பள்ளிகள் தொடங்கினார்கள். 1969-லேயே ஜான் லா ரோஸ் தன் வீட்டில் ஒன்றை ஆரம்பித்திருந்தார். அதுதான் ஜார்ஜ் பேட்மோர் பள்ளி. கணக்கு, ஆங்கிலம், கூடவே ஆப்பிரிக்க, கரீபியன் வரலாறு. வார நாள் பள்ளியில் அடிமை முறை என்றால், நல்ல மனசுள்ள பிரிட்டிஷ்காரர்கள் அதை ஒழித்தார்கள் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ஹெய்ட்டியில் அடிமைகளாக இருந்தவர்களே கிளர்ந்தெழுந்து 1804-ல் தனி நாடு அமைத்தார்கள் என்று அங்கே யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

லண்டனில் தமிழ்ப் பிள்ளைகள் இன்றைக்கும் சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். என் பெரியம்மா மகன் குடும்பம் கிழக்கு லண்டனில் இருக்கு. அவரோட ஒன்பது வயசுப் பொண்ணுகிட்ட போன்ல கேட்டேன், “உங்க ஸ்கூல்ல கறுப்பின வரலாறு சொல்லித் தர்றாங்களா?” “அக்டோபர்ல சொல்வாங்க சித்தப்பா.” “மத்த மாசம்?” “மத்த மாசம் டியூடர்ஸ்.” பிரிட்டனில் 1987 முதல் அக்டோபர்தான் கறுப்பின வரலாற்று மாதம். அந்த ஒரு மாதம் கிடைக்கவே எத்தனை பேர் பாடுபட்டார்கள் என்று தெரிந்தாலும், அவ பதிலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பதினொரு மாத வரலாறு ஒரு பக்கம், ஒரு மாத வரலாறு இன்னொரு பக்கம்.

சரி, ஒரு தமிழர் இந்தக் கதைக்குள் வருகிறார். அம்பலவாணர் சிவானந்தன். 1923-ல் கொழும்பில் பிறந்தவர். குடும்பத்தின் வேர் யாழ்ப்பாணம் சண்டிலிப்பாய். வங்கியில் வேலை பார்த்தவர். 1958-ல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம். நாட்டை விட்டுக் கிளம்பி லண்டன் போகிறார். அங்கே அதே வருடம் நாட்டிங் ஹில் பகுதியில் கறுப்பின மக்கள் மீது தாக்குதல். ஒரு கலவரத்தில் இருந்து தப்பி இன்னொரு கலவரத்துக்குள் போய் விழுந்தார்.

நூலகராகப் பயிற்சி பெற்று, 1964-ல் இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தில் தலைமை நூலகரானார். அன்றைக்கு அது மேலிடத்து ஆட்கள் நடத்திய அமைப்பு. குடியேறியவர்களைப் பற்றி ஆராய்வார்கள், அவர்களுக்காகப் பேச மாட்டார்கள். 1972-ல் ஊழியர்களும் உறுப்பினர்களும் சேர்ந்து வாக்கெடுப்பில் நிர்வாகக் குழுவைத் தோற்கடித்தார்கள். அதில் முன்னால் நின்றவர் சிவானந்தன். பிறகு பல்லாண்டுகள் அவரே அந்த நிறுவனத்தின் இயக்குநர்.

அவருடைய தலைமையில் 1982-ல் இருந்து நான்கு புத்தகங்கள் வந்தன, மாணவர்களுக்காக. இனவெறியின் வேர்கள், அதன் வடிவங்கள், அது பிரிட்டனுக்கு வந்த கதை, அதற்கு எதிரான போராட்டம். மூன்றாவது புத்தகம் கார்ட்டூன் வடிவில் 1985-ல் வந்தது. அன்றைய கல்வி அமைச்சர் அதைப் பள்ளிகளில் இருந்து விலக்கவே முயன்றார். ஒரு கார்ட்டூன் புத்தகத்துக்கு இவ்வளவு பதற்றம் ஏன்?

சிவானந்தன் தரப்பின் வாதம் இதுதான். அந்தக் காலத்தில் ‘பன்மைப் பண்பாட்டுக் கல்வி’ என்று ஒன்று பிரபலமாகியிருந்தது. பள்ளியில் ஒரு நாள் விழா வைப்பார்கள். புடவை, சமோசா, ஸ்டீல் பேண்ட் இசை. கிண்டலாக இதை மூன்று ‘எஸ்’ என்றே சொன்னார்கள். சமோசா நல்லதுதான், யாரும் வேண்டாம்னு சொல்லல. ஆனால் சமோசா சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிற பையனை ஏன் போலீஸ் மட்டும் நிறுத்துகிறது, அவன் அப்பாவுக்கு ஏன் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்பதற்கு அந்த விழாவில் பதில் இல்லை. இவர்கள் ஏன் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டால், அதற்கு முன் பிரிட்டன் ஏன் அவர்கள் நாட்டில் இருந்தது என்று கேட்கணும் என்பது சிவானந்தன் வாழ்நாள் முழுக்க வலியுறுத்திய விஷயம். சர்க்கரைத் தோட்டத்தையும் தேயிலைத் தோட்டத்தையும் சொல்லாமல் அந்தப் பாடத்தை நடத்த முடியாது. பதற்றம் அங்கேதான்.

அரசின் பக்கமும் மெதுவாக அசைந்தது. 1981-ல் ராம்ப்டன் அறிக்கை, 1985-ல் ஸ்வான் அறிக்கை. எல்லாக் குழந்தைகளுக்குமான கல்வி பன்முகத்தன்மை கொண்டதாக இருக்கணும், வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளியிலும்கூட என்றது ஸ்வான். ஆனால் 1987-ல் மார்கரெட் தாட்சர் கட்சி மாநாட்டு மேடையிலேயே, கூட்டல் பெருக்கல் கற்க வேண்டிய பிள்ளைகளுக்கு இனவெறி எதிர்ப்புக் கணக்கா என்று கேலி செய்தார். அடுத்த ஆண்டு தேசியப் பாடத்திட்டம் சட்டமானது. ஸ்வான் பேசியது அதன் மையத்துக்கு வரவில்லை.

எதிர்த்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள், ஆதரித்தவர்கள் எல்லாம் சரியாகச் செய்தார்கள் என்று இங்கே முடித்தால் அது பாதிக் கதைதான். 1986 செப்டம்பரில் மான்செஸ்டரின் பர்னேஜ் பள்ளி வளாகத்தில் அகமது இக்பால் உல்லா என்ற 13 வயது மாணவனை இன்னொரு மாணவன் குத்திக் கொன்றான். செத்தவன் வங்காளதேசக் குடும்பத்துப் பையன், கொன்றவன் வெள்ளைப் பையன். இந்தப் பள்ளியில் இனவெறி எதிர்ப்புக் கொள்கை ஏற்கனவே இருந்தது. வழக்கறிஞர் இயன் மெக்டொனால்ட் தலைமையில் விசாரணை நடந்தது. கொலையில் இனவெறிக்குப் பங்கு உண்டு என்று அந்தக் குழு சொன்னது. கூடவே பள்ளியின் கொள்கை தோற்றுவிட்டது என்றும் சொன்னது. அது மேலே இருந்து இறக்கப்பட்ட வெறும் ஒழுக்க போதனையாக இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளையும், குறிப்பாக உழைக்கும் வர்க்கப் பெற்றோர்களையும், பேச்சுக்குள் சேர்க்காமல் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. பல பத்திரிகைகள் இதைத் திரித்து, இனவெறி எதிர்ப்புதான் பையனைக் கொன்றது என்று எழுதின. அறிக்கை எழுதியவர்கள் அதை மறுத்தார்கள். இனவெறியைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள் என்று அவர்கள் கேட்கவே இல்லை, ஒழுங்காகச் செய்யுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

இன்றைய விவாதத்தில் இந்தப் பாடம் அடிக்கடி காணாமல் போகிறது. 1999-ல் ஸ்டீபன் லாரன்ஸ் கொலை பற்றிய மேக்பெர்சன் அறிக்கை, பாடத்திட்டத்தில் இனவெறியைத் தடுப்பதற்கான மாற்றம் வேணும் என்று பரிந்துரைத்தது. 2020 அக்டோபரில், அன்றைய சமத்துவத் துறை அமைச்சர் கெமி பேடனாக், ‘வெள்ளைச் சலுகை’ என்பதை விவாதத்துக்கு இடமில்லாத உண்மையாகச் சொல்லிக்கொடுத்தால் அது சட்ட மீறல் என்று நாடாளுமன்றத்தில் பேசினார். வேல்ஸ் வேறு வழியில் போனது. பேராசிரியர் சார்லட் வில்லியம்ஸ் குழுவின் பரிந்துரைகளை ஏற்று, சிறுபான்மை இனங்களின் வரலாற்றையும் பங்களிப்பையும் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் கட்டாயமாக்கியது. பிரிட்டனின் நான்கு நாடுகளில் அப்படிச் செய்த முதல் நாடு வேல்ஸ்.

சரி, குழந்தைக்கு என்னதான் சொல்லிக்கொடுப்பது? என் கருத்தைச் சொல்றேன், நீங்க மறுக்கலாம். “நீ கெட்டவன்” என்றோ “நீ பாவம்” என்றோ எந்தக் குழந்தையிடமும் சொல்ல வேண்டியதில்லை. அந்த 28-ஐயும் 15-ஐயும் போர்டில் எழுதிப் போட்டு, “ஏன் இப்படி?” என்று கேட்டால் போதும். பத்து வயசுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு புரியும். முதலில் “அவங்க சரியாப் படிக்கல” என்று ஒரு பதில் வரும். வரட்டும். பிறகு அந்தக் குழாய்ப் படத்தைக் காட்டுங்க. ஒரு தீர்ப்பு எப்படித் தயாராகிறது என்பதை அந்தப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். கறுப்புப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை, நம்ம பிள்ளை என எல்லாருக்கும் அது தேவைப்படும்.

இ.எஸ்.என். என்ற வகையை 1981-ம் ஆண்டு கல்விச் சட்டம் ஒழித்தது. ஆனால் அந்தப் பள்ளிகளில் படித்தவர்களில் சிலர் அறுபது வயதில்தான் வாயைத் திறந்தார்கள். 2021-ல் பி.பி.சி. ஆவணப்படத்தில் அவர்கள் பேசுவதைப் பாருங்க. தான் முட்டாள் இல்லை என்று நம்பவே ஒருவருக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கு என்பது அவங்க முகத்தில் தெரியும்.

உங்க ஸ்கூல்ல யாருக்காவது ‘இவன் தேறமாட்டான்’னு லேபிள் ஒட்டி, அது தப்புன்னு பின்னாடி தெரிஞ்ச கதை இருந்தா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பள்ளி, ஆசிரியர் பெயர் வேண்டாம், கதை போதும். அடுத்த எபிசோடில் சிலதைப் பேசுவோம்.