காத்திருப்போர் கையில் கிண்ணம்

புறப்பட்ட ஊர் பின்னே நின்றுவிட்டது. சேர வேண்டிய ஊரோ இன்னும் எதிர்ப்படவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே வாய்க்கும் சில நாழிகைகளை மனிதன் எங்ஙனம் கழிக்கிறான் என்பதைக் கொண்டே ஒரு காலத்தின் இயல்பை ஓரளவு அறிந்துகொள்ளலாம். ஒரு வானூர்தியினின்று இறங்கி மற்றொன்றுக்காகக் காத்திருக்கும் இன்றைய பயணி, நிலையத்தின் உள்ளேயே அமைந்துள்ள மதுவகத்தில் அமர்கிறான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வானூர்திகள் இறங்குவதும் ஏறுவதுமாக உள்ளன. அவன் முன்னே திராட்சை மது நிறைந்த கிண்ணம் இருக்கிறது. அங்கே அவனை அறிந்தவர் எவரும் இல்லை. அந்நேரத்தில் அவன் ஆற்ற வேண்டிய கடமையும் எதுவுமில்லை. மதுவைக் காட்டிலும் அந்த விடுதலையே அவனுக்கு மிகுதியாகச் சுவைக்கிறது எனலாம்.

இப்பழக்கம் வானூர்தியோடு பிறந்ததுபோல் தோன்றும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள பாய்ன்ஸ் என்னும் ஊரில், 1940களில் கடல் வானூர்திகள் வந்திறங்கிய காலத்தில், குளிரால் நடுங்கிய பயணிகளுக்குச் சூடான காப்பியில் விஸ்கியைக் கலந்து கொடுத்தார் ஜோ ஷெரிடன் என்னும் சமையற்காரர். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஐரிஷ் காப்பி அவ்வாறு தோன்றியதே. ஆயினும் வானூர்தி நிலையம் இதனைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. துறைமுகத்திடமிருந்து மரபுரிமையாகப் பெற்றது. துறைமுகம் இருந்த இடமெல்லாம் காத்திருப்பு இருந்தது. காத்திருப்பு இருந்த இடமெல்லாம் கிண்ணமும் இருந்தது.

தமிழர்க்கு இச்செய்தி புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகரில் அசைந்த பல்வகைக் கொடிகளுள் கள் விற்கும் இடத்தைக் காட்டும் கொடியையும் மறவாது குறிக்கிறது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய புறநானூற்றுப் பாட்டில், யவனர் கொணர்ந்த நறுமண மது பேசப்படுகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வில், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அத்தகைய சாடிகளில் எண்ணெயும் மீன்சாறும் வந்தன. திராட்சை மதுவும் வந்தது. இலக்கியம் சொன்னதற்கு மண்ணே சான்று தந்தது. ஆகவே துறைமுகத்து மது தமிழன் வாழ்வில் ஈராயிரம் ஆண்டுப் பழைமை உடையது. ஆனால் அன்று அவன் துறைமுகத்தின் உரிமையாளன், வந்தவர்க்கு விருந்தளித்தவன். பிற்காலத்தில் அவனே பிறர் துறைமுகத்தில் வந்திறங்கிக் காத்திருக்க நேர்ந்தது. அப்போது அவன் கையில் கிண்ணத்தைக் கொடுத்தவர் யார்? அதற்கு விலை கொடுத்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேட ஏற்ற இடம் பினாங்கின் சூலியா தெருவாகும்.

பினாங்குத் தீவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரித்தானியக் கொடியை பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் ஏற்றினார். அவர் வகுத்த ஜார்ஜ்டவுனின் தொன்மையான தெருக்களுள் ஒன்றே இது. பழைய வரைபடங்களில் மலபார் தெரு எனக் குறிக்கப்பட்ட இத்தெரு, பின்னர்ச் சூலியா தெரு என நிலைபெற்றது. சூலியா என்னும் சொல்லைச் சோழமண்டலத்தோடு தொடர்புபடுத்திப் பொருள் கூறுவர் பலர். சோழமண்டலக் கரையின் துறைகளிலிருந்து வந்த தமிழ் முசுலிம் வணிகரையும் உழைப்பாளரையும் அச்சொல் குறித்தது.

லைட் 1794ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கை ஒன்றில் சூலியர்களைப் பற்றி அரிய செய்தியைத் தருகிறார். ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவில் குடியேறியிருந்தனர் என்றும், அவர்கள் கடைக்காரர்களும் கூலியாட்களும் என்றும் அவர் குறிக்கிறார். இவர்களன்றி ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆடவர் வரை கப்பல்களில் வந்து, வணிகமும் பலவகை வேலையும் செய்து, சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினர் என்றும், அவர்கள் இடத்தை அடுத்து வந்தோர் நிரப்பினர் என்றும் எழுதுகிறார். குடியேறியவரினும் வந்து தங்கிச் செல்பவரே மிகுதி என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. சூலியா தெரு பிறக்கும்போதே இடைத்தங்கல் தெருவாகப் பிறந்தது எனின் மிகையாகாது.

சேர்த்த வெள்ளியோடு கப்பலுக்காகக் காத்திருப்பவனின் மடியைக் குறிவைத்துக் கடைகள் தோன்றுவது இயல்பே. ஆனால் பினாங்கில் அதற்கு அரசியற் காரணமும் உண்டு. பினாங்கு சுங்கவரி இல்லாத துறைமுகமாகத் தொடங்கிற்று. வணிகரைக் கவர இம்முறை உதவியது. எனினும் காவலுக்கும் அலுவலர் சம்பளத்திற்கும் பணம் வேண்டுமே! அதற்குக் கண்ட வழி குத்தகை முறை. சாராயம், அபின், சூதாட்டம் ஆகியவற்றை நடத்தும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. மிகுதியாகக் கேட்டவர் அத்தனியுரிமையைப் பெற்று, அரசுக்குக் குறித்த தொகையைச் செலுத்தினார். அதற்கு மேல் விற்பதெல்லாம் அவர் ஊதியம். எனவே குடிப்பவன் எவ்வளவு குடிக்கிறானோ அவ்வளவு குத்தகைக்காரனுக்கு ஆதாயம். அடுத்த ஏலத்தில் தொகை உயருமாயின் அரசுக்கும் ஆதாயம். பெருவணிகரின் சரக்குக்கு வரியில்லை. உழைப்பாளியின் கிண்ணத்துக்கு வரி உண்டு. தீவின் தொடக்கக் கால நிருவாகம் இத்தகைய வருவாயைப் பெரிதும் சார்ந்து நின்றது என்பது வரலாற்றின் கசப்பான உண்மை.

இந்நிலையில் அத்தெருவின் மக்கள் தமக்கென அமைத்துக்கொண்ட தங்குமிடங்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பித்தான் கெலிங் எனப்பெற்ற காதர் முகைதீனின் பெயரோடு இணைந்த பள்ளிவாசல் அருகிலேயே எழுந்தது. சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் இடத்தில் நாகூர் தர்கா அமைந்தது. கடலில் செல்வோரைக் காப்பவர் என நம்பப்பெறும் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக அமைந்த இடம் அது. கடலைக் கடந்து வந்தவன் நன்றி சொல்லவும், கடலை நோக்கிப் போகிறவன் துணை வேண்டவும் அங்கே நின்றான். அருகே பினாங்கு தெருவில் நகரத்தார் தம் கிட்டங்கிகளை அமைத்தனர். ஊரிலிருந்து வந்த முகவர்கள் அங்கேயே தங்கிக் கணக்கெழுதித் தம் தவணை முடிந்ததும் திரும்பினர். குயின் தெருவில் 1833இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. வழிபாடும், உணவும், ஊர்ப்பேச்சும், ஊருக்கு எழுதும் கடிதமுமே இவ்விடங்களில் காத்திருப்பின் துணைகள். கிண்ணமின்றியும் காத்திருக்கலாம் என்பதை இவை மெய்ப்பித்தன.

ஆனால் இத்துணைகள் எல்லார்க்கும் வாய்க்கவில்லை. நீராவிக் கப்பல்கள் வந்தபின், வணிகரைவிடத் தோட்டத் தொழிலாளரே பெருந்தொகையாக வந்திறங்கினர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்ட கப்பலுக்கு மலாயாவின் முதல் துறை பினாங்கே. வந்தவர்கள் நகரத்தைக் காணுமுன் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்டனர். பின்பு புரோவின்ஸ் வெல்லெஸ்லி, கெடா முதலிய இடங்களின் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். இதுவும் இடைத்தங்கலே. ஆயின் இதில் தங்குபவனுக்கு எங்கே தங்குவது, எப்போது புறப்படுவது என்னும் உரிமை இல்லை.

அதே காலத்தில் அதே துறைமுகத்தில் வேறொரு காத்திருப்பும் நிகழ்ந்தது. சார்க்கீஸ் உடன்பிறப்பினர் 1884இல் ஈஸ்டர்ன் விடுதியையும், 1885இல் ஓரியண்டல் விடுதியையும் தொடங்கினர். இவையே பின்னர் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் என ஒன்றாயின. முதல் வகுப்பில் வந்த ஐரோப்பியப் பயணி அங்கே கடலைப் பார்த்தவாறு அமர்ந்து மது அருந்தலாம். அடுத்த கப்பல் வரும்போது எழுந்து போகலாம். ஒருவர்க்கு மது ஓய்வின் அணிகலன். மற்றவர்க்கு அது என்னவாயிற்று?

அதற்கு விடை தோட்டத்தில் கிடைக்கிறது. தோட்டப்புறங்களில் கள்ளுக்கடைக்கு உரிமம் வழங்கப்பட்டது. பகலெல்லாம் பால்மரம் சீவியவன் பெற்ற கூலியில் ஒரு பகுதி மாலையில் கள்ளுக்கடை வழியாகத் திரும்பிச் சென்றது. சில ஆண்டுகளில் ஊர் திரும்பலாம் என்று வந்தவனின் காத்திருப்பு வாழ்நாளாக நீண்டது. கிண்ணம் அக்காத்திருப்பை மறக்கச் செய்தது. மறக்கச் செய்தே அதனை நீளவும் செய்தது. குடும்பத்தின் அரிசியும் பிள்ளையின் பலகையும் அதில் கரைந்தன.

இதனை உணர்ந்தோர் தமிழரிடையே தோன்றாமல் இல்லை. ஈரோட்டில் 1921இல் கள்ளுக்கடை மறியலில் முன்நின்ற பெரியார் ஈ. வெ. ராமசாமி, 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பினார். சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அரசு 1937 அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்நின்ற வேலைநிறுத்தத்தின்போது, கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் தோட்டக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டனர். போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் அது காவலருடன் மோதலாக முடிந்தது. தமக்கு மலிவாகத் தரப்பட்ட ஒன்றை வேண்டாம் எனத் தொழிலாளரே மறுத்துப் போராடினர். கூலியைக் கூட்டுக, கள்ளை நிறுத்துக என்று ஒரே மூச்சில் கேட்ட அம்மக்களைக் குடிகாரர் கூட்டம் என இகழ்ந்து எழுதியோர், இச்செய்தியை அறியாதவரே ஆவர்.

காலம் மாறிற்று. தலைமுறைகளைச் சுமந்த ரஜுலா கப்பல் 1926இல் கட்டப்பெற்றது. 1973இல் இக்கடல்வழியினின்று விடைபெற்றது. அதன் பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985இல் தீவிபத்துக்கு உள்ளானதோடு அப்பயணமும் முடிவுற்றது. பயணிகள் பாயான் லெப்பாசில் 1935இல் திறக்கப்பெற்ற வானூர்தி நிலையத்தை நாடினர். சூலியா தெருவின் பழைய தங்கும் விடுதிகளில், 1970கள் தொடங்கித் தோளில் பை சுமந்த மேனாட்டு இளைஞர் வந்து தங்கலாயினர். ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றபின், அத்தெருவிலும் அதனை ஒட்டிய லவ் லேனிலும் விடுதிகளும் மதுவகங்களும் பெருகின. ஒரு வானூர்திக்கும் மற்றொரு வானூர்திக்கும் இடையே ஒருநாள் கிடைத்தவர் மாலையில் அங்கே அமர்கின்றனர். சற்றுத் தொலைவில் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு கேட்கிறது. தெரு தன் பழைய தொழிலையே செய்கிறது: வந்தவரைத் தங்கவைத்து அனுப்புகிறது.

அங்கே கிண்ணம் ஏந்துபவரைக் குறை கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. தன் பணத்தில், தன் விருப்பத்தில், எழுந்து போகும் உரிமையோடு அருந்துபவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளன். பயணத்தின் நடுவே கிடைக்கும் அமைதியைச் சுவைப்பதும் மனித இயல்பே. ஆனால் வேண்டும்போது எழுந்து போகும் அவ்வுரிமையே ஓய்வுக்கும் அடிமைத்தனத்துக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு. வானூர்தி நிலையத்தில் அமர்ந்திருப்பவன் கையில் புறப்பாட்டுச் சீட்டு இருக்கிறது. தோட்டத்துக் கள்ளுக்கடையில் அமர்ந்திருந்தவன் கையில் அது இல்லை. மது ஒன்றே, காத்திருப்புகள் வேறு.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவரைச் சூலியா தெருவுக்கு அழைத்துச் சென்றால், பழைய கட்டடங்களின் அழகை மட்டும் காட்டி மீளாதிருப்பார்களாக. தர்காவின் வாயிலில் சற்று நிறுத்தி, இங்கே எத்தனை பேர் காத்திருந்தனர், எதற்காகக் காத்திருந்தனர், அவர்களின் உழைப்பாலும் அவர்களின் கிண்ணத்தாலும் யார் வளர்ந்தனர் என்று கேட்கட்டும். சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப எண்ணியவர்களுள் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளே இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு இந்நாடு இடைத்தங்கல் அன்று, சொந்த ஊர்.