வடிவமும் பொருளும்: இணையத்தள அணுகல்தன்மைக்கு ஒருங்குறி தரும் பாடம்

ஒருங்குறிக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால், கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும். திரையில் அதைப் பார்ப்பவர் தமிழாகவே படிப்பார். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் சேமிக்கப்பட்டதைப் படிக்கும். அவர் காதில் விழுவது பொருளற்ற ஆங்கில ஒலி. எழுத்தின் வடிவத்தைச் சேமித்து, எழுத்தைச் சேமிக்காமல் விட்டதன் விளைவு இது. எழுத்துக்கே தனிக் குறியெண் தரும் ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றபின், எழுத்துக் குறியாக்கத்தில் இச்சிக்கல் பெரிதும் குறைந்தது. ஆனால் இணையத்தளங்களின் முகப்பை எழுதும் நிரலாளர்கள் இன்றும் செய்யும் பிழைகளில் முக்கியமானவை இதே இனத்தைச் சேர்ந்தவை என்பது என் வாதம்.

பொத்தானையே எடுத்துக்கொள்வோம். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் ‘டிவ்’ என்பது எப்பொருளும் சுட்டாத வெறும் பெட்டி. அதற்கு நிறமும் விளிம்பும் கொடுத்தால் பொத்தான்போலத் தோன்றும். நிரல் சேர்த்தால் சுட்டியின் சொடுக்குக்கும் இயங்கும். ஆனால் டேப் விசையை அழுத்திக்கொண்டே வருபவருக்கு அது அகப்படாது. என்டர் விசைக்கும் அசையாது. திரைவாசிப்பான் அதைப் பொத்தான் என்று அறிவிக்காது. ‘பட்டன்’ என்ற உறுப்பை எழுதியிருந்தால் இவை யாவும் உலாவியிலிருந்தே கிடைத்திருக்கும். உறுப்பின் பொருளைத் திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும் ‘ஏரியா’ (ARIA) பண்புகளைச் சேர்த்து டிவ்வைச் சரிசெய்யலாமே என்று கேட்பதுண்டு. அவற்றுள் ‘ரோல்’ பண்பு, உறுப்பு எவ்வகையானது என்ற அறிவிப்பை மட்டுமே மாற்றும். விசைகளுக்கான செயல்பாட்டை நிரலாளர்தான் எழுதியாக வேண்டும். ஏரியாவைப் பயன்படுத்துவதற்கு, இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி வகுத்த முதல் விதியே, எச்டிஎம்எல்லில் உரிய உறுப்பு இருக்கும்போது அதையே பயன்படுத்த வேண்டும் என்பதுதான்.

வரிசைச் சிக்கல் இதைவிட நுட்பமானது. ‘கெ’ என்று எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடுகிறது, பிறகு ககரத்தை. பாமினி போன்ற எழுத்துருக்களும் கண் காணும் அவ்வரிசையிலேயே சேமித்தன. ஒருங்குறி ககரத்தை முன்னும் எகரக் குறியைப் பின்னும் வைக்கிறது; கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வரையும் வேலையைக் காட்சிமென்பொருளிடம் விட்டுவிடுகிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்ற தமிழ் இலக்கணத்துக்கும் அதுவே பொருந்துகிறது. பக்கத்தின் மூலநிரலும் இப்படித்தான் அமைய வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் ‘ஆர்டர்’ பண்பைக் கொண்டு கடைசிப் பத்தியைத் திரையின் உச்சிக்கு ஏற்றலாம். திரைவாசிப்பானும் டேப் விசையும் பொதுவாக மூலநிரலின் வரிசையிலேயே செல்லும். கண் ஒரு கட்டுரையைப் படிக்க, காது வேறொன்றைக் கேட்கும். பொருளுள்ள வரிசையை இணைய உள்ளடக்க அணுகல் நெறிகள் ‘ஏ’ என்னும் அடிப்படை நிலையிலேயே கோருவது இதனால்தான்.

அணுகல்தன்மையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு ஒரு பழைய வழக்கு பதில் சொல்கிறது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் இணையத்தளத்தில் படங்கள் பலவற்றுக்கு, அவற்றைச் சொல்லில் விவரிக்கும் மாற்றுரை இல்லை. முடிவு அட்டவணைகளை அணுக முடியவில்லை. பார்வையற்றவரான புரூஸ் மகுவயர் முறையிட்டார். மாற்றியமைக்க ஒருவருக்கு 368 நாள் பிடிக்கும் என்றது ஏற்பாட்டுக் குழு. ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தளம் முழுமையாகத் திருத்தப்படாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு விதித்தது. 368 நாள் என்ற கணக்கு மிகையாகவே இருந்தாலும், அது அணுகல்தன்மையின் விலையைக் காட்டுவதாக நான் கொள்ளவில்லை. பொருளை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் கட்டியதன் வட்டி அது. பாமினியில் குவிந்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி மெய்ப்புப் பார்த்தவர்கள் அந்த வட்டியை நன்கு அறிவார்கள்.

தரநிலையைப் பின்பற்றினால் போதும் என்றும் சொல்ல முடியாது. மாற்றுரை இருக்கிறதா என்று சோதனைக் கருவி பார்க்கும். கோயில் கோபுரத்தின் படத்துக்கு ‘படம் 1’ என்று எழுதியிருந்தாலும் பல கருவிகள் அதைக் கடந்துபோகும். அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது எழுதுபவரின் மொழியறிவைச் சார்ந்தது. பக்கத்தின் மொழியை அறிவிக்கும் ‘லாங்’ பண்பும் இப்படியே. ஆங்கில வார்ப்புரு ஒன்றில் தமிழ் உரையை இட்டவர் அப்பண்பை மாற்ற மறந்தால், பிழையற்ற ஒருங்குறித் தமிழையும் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலிடம் ஒப்படைக்கக்கூடும். இஸ்பீக் போன்ற பேச்சுப்பொறிகளில் தமிழ்க் குரல் காத்திருக்கிறது. அதை அழைக்க, பக்கத்தின் தலைப்பகுதிக்கும் மேலே, எச்டிஎம்எல் உறுப்பிலேயே, ‘டி’, ‘ஏ’ என்ற இரண்டே எழுத்துகளை எழுத வேண்டும்.