இராஜாஜியின் களைப்பு

சேலத்து வரலாற்றைப் பேசும் எவரும் இராஜாஜியைத் தவிர்க்க இயலாது. 1900இல் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். 1917இல் நகராட்சித் தலைவரானார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். இப்பணிகளை நாம் அறிவோம். இவற்றைச் செய்த உடலைப் பற்றி நாம் பெரும்பாலும் பேசுவதில்லை.

அவருக்கு நெடுங்காலம் ஆஸ்துமா இருந்தது. 1921 டிசம்பர் முதல் மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பிலேயே அந்நோய் இடம்பெறுகிறது. மூச்சுக்குழாய்ச் சுவரில் ஓயாது நிகழும் அழற்சியே ஆஸ்துமாவின் அடிப்படை என்ற கருத்து மருத்துவ உலகில் நிலைபெற மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அழற்சியின்போது நோயெதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் சைட்டோகைன் என்னும் புரதங்கள் மூளையையும் எட்டுகின்றன. காய்ச்சலில் நம்மைச் சுருண்டு படுக்கவைப்பவையும் அவையே. இரவெல்லாம் திணறல் உறக்கத்தைக் கெடுத்தால், மறுநாள் களைப்பு இன்னும் மிகும். திணறலைப் பிறர் காதால் கேட்கலாம். களைப்பு வெளியே தெரியாது. சோம்பல் என்ற பெயர் அதற்கு எளிதில் வந்துவிடுகிறது.

இவ்வழற்சியைத் தணிக்கும் பெக்ளோமெத்தசோன் இன்ஹேலர் பிரிட்டனில் அறிமுகமானது 1972இல். இராஜாஜி மறைந்ததும் அவ்வாண்டு டிசம்பரில்தான். ஆக, 1930 ஏப்ரலில், தம் 51ஆம் வயதில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோதும், 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோதும் அவருக்கு அத்தகைய மருந்து வாய்க்கவில்லை.

1954இல் உடல்நலக் குறைவைக் காரணமாகக் கூறி அவர் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் அழைத்த கல்வித் திட்டமே உண்மைக் காரணம் என்கிறது அரசியல் வரலாறு. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், 75 வயதான ஓர் ஆஸ்துமா நோயாளி உடல் தளர்ந்தது என்று சொன்னதை வெறும் சாக்காக மட்டுமே நாம் படித்துவருகிறோம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கக் கூடாதா?

நோயை மன உறுதியால் வென்றவர் என்று அவரைப் புகழ்வதிலும் ஒரு தீங்கு உண்டு. இதே சமவெளியில், பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும், நெய்த அளவுக்கே கூலி பெறும் விசைத்தறித் தொழிலாளர்கள் வாழ்கின்றனர். அவர்களில் ஒருவருக்கு ஆஸ்துமாவோ முடக்குவாதமோ இருந்து, ஒருநாள் தறியருகே நிற்க இயலாமல் போனால் அன்றைய கூலி இல்லை. மன உறுதி போதவில்லை என்ற பழிச்சொல்லும் சேர்ந்துகொள்ளும். களைப்பு நோயின் ஒரு பகுதி என்பதை இராஜாஜியின் வாழ்க்கையிலிருந்தே நாம் படிக்கத் தொடங்கினால், அவருக்கும் நியாயம் செய்தவர்களாவோம், இவர்களுக்கும் நியாயம் செய்தவர்களாவோம்.