வெளிச்சத்தின் வழியும் அதன் காவலும்

பழங்காலத்தில் தகடூர் எனப் பெயர் பெற்று அதியமான் மரபினரின் ஆட்சியில் சிறந்ததும், பாராமகால் பிரதேசத்தின் பகுதியாக 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியாரின் வசமானதுமான தருமபுரிச் சீமையில், கம்பெனி அதிகாரியான காப்டன் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ நிலவரிக் கணக்குகளை வகுத்த நாட்களில், மண்ணாலும் கல்லாலும் எழுந்த வீடுகளின் சிறு ஜன்னல்களுக்குக் காவலாக நின்றவை பெரும்பாலும் மரச்சட்டங்களும் பலகைக் கதவுகளுமே. சாத்தினால் வெளிச்சம் போகும். திறந்தால் புழுதி புகும். ஆயினும் அவை உடைந்தால் விழுவது வெறும் மரத்துண்டுதான்.

அந்த இருட்டைப் போக்கிய உபகாரம் கண்ணாடியினுடையது. 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி ஜில்லாவான பிறகு இங்கே பெருகிய காரியாலயங்களிலும் வங்கிகளிலும் ஆலைகளிலும் கண்ணாடி மெல்ல மெல்ல இடம் பிடித்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், வேலைக்கூடங்களுக்கு வெளிச்சம் தரும் கண்ணாடி ஜன்னல்களை உள்ளும் புறமும் துப்புரவாக வைத்திருக்க வேண்டுமென்று தன் 17-ஆம் பிரிவில் விதித்தது. அந்தப் பிரிவு தொழிலாளியின் பார்வையைக் கருதியது. கண்ணாடி உடையும்போது அவன் தேகத்துக்கு நேரும் அபாயத்துக்கோ வேறு பரிகாரம் வேண்டியிருந்தது. கருங்கல் குவாரிகள் மிகுந்த இப்பிரதேசத்தில் தெறித்து வரும் ஒரு கல்லோ, ஏதேனும் ஒரு வெடிப்பின் அதிர்ச்சியோ சாதாரணக் கண்ணாடியைக் கூரிய சில்லுகளாகச் சிதறடித்துவிடும்.

அப்பரிகாரத்தின் வித்து பிரான்ஸ் தேசத்தில் முளைத்தது. 1903-இல் எடுவார் பெனடிக்டஸ் என்னும் ரசாயன அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் உயரத்திலிருந்து விழுந்த கண்ணாடிக் குடுவையொன்று விரிசல் கண்டும் சிதறவில்லையென்றும், உள்ளே உலர்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் சவ்வே சில்லுகளைப் பற்றி நிறுத்தியதென்றும் சொல்வர்; அந்த அநுபவத்தைக் கொண்டு, இரு கண்ணாடிகளுக்கிடையே சவ்வை வைத்த அடுக்குக் கண்ணாடிக்கு அவர் 1909-இல் காப்புரிமை கோரினார். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சிய லண்டன் மக்கள் ஜன்னல்களில் காகிதப் பட்டைகளை ஒட்டியதும் அதே நோக்கத்தால்தான். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டெடுத்த பாலியெஸ்டர் வகையோ, காகிதத்தால் தர இயலாத உறுதியையும் தெளிவையும் ஒருங்கே அளித்தது.

ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் இன்றைய பாதுகாப்புப் பிலிம் அந்தப் பாலியெஸ்டரின் வழித்தோன்றலே. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை கனமுள்ள அதனை, நன்கு துடைத்த கண்ணாடியின் உட்புறத்தில் சோப்பு நீர் தெளித்துப் பரப்பி, ரப்பர்ப் பட்டையால் நீரை வெளியேற்றி ஒட்டுகிறார்கள். பசை முழுவதும் இறுகச் சில வாரங்கள் செல்லும். கண்ணாடி உடைவதை அது தடுப்பதில்லை. உடைந்த சில்லுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பெரிய அதிர்ச்சியைத் தாங்க வேண்டுமானால் ஓரங்களைச் சட்டத்தோடு பிணைப்பதும் அவசியம்.

பிலிமுக்குத் தடையுண்டோ என்று அஞ்ச வேண்டியதில்லை; உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27-இல் விதித்த தடை வாகனக் கண்ணாடிகளில் ஒட்டும் பிலிமைப் பற்றியதே. கட்டடங்களை அது கட்டுப்படுத்தாது. புதிதாகக் கட்டுவோருக்கு அடுக்குக் கண்ணாடியே உத்தமம். பழைய கண்ணாடிகளையெல்லாம் பெயர்த்தெடுக்கும் செலவைத் தாங்க இயலாத நம் ஜில்லாவின் சிறு ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிலிமே கைக்கெட்டும் உபாயம். வேலை நடக்க வேண்டுமென்று ஜன்னலில் கண்ணாடி பதித்தவர் எவரோ, அதனருகே அமர்ந்து உழைப்பவரின் கண்ணையும் உடலையும் காக்கும் பொறுப்பும் அவருடையதே.