லோதி ரோட்டுக் கோப்பும் பத்ராசலத்துப் போத்தும்

காகித ஆலைகளுக்கான குளோன் மரங்களின் இந்திய வரலாறு பெரும்பாலும் தாவரவியலாகவே எழுதப்படுகிறது. அதன் முதல் பக்கமோ தில்லி லோதி ரோட்டின் கோப்புகளில் இருக்கிறது. சுற்றுச்சூழல், வன அமைச்சகம் நெடுங்காலம் இயங்கிய பர்யாவரண் பவன் அங்குள்ள சி.ஜி.ஓ. வளாகத்தில்தான் இருந்தது. அந்த அமைச்சகத்தின் 1988ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கை, ஆலைகளுக்குச் சலுகை விலையில் வனப்பொருள் வழங்குவது நிற்க வேண்டும் என்றது. மூலப்பொருளை உழவரோடு நேரடி உறவு கொண்டு ஆலைகளே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது.

காட்டு மூங்கிலை நம்பியிருந்த ஆலைகள் இதனால் வயலுக்கு வந்தன. வயலில் வேறொரு சிக்கல். விதையிலிருந்து வந்த தைலமரக் கன்றுகளில் ஒன்று ஓங்கி வளரும். பக்கத்துக் கன்று குட்டையாகவே நிற்கும். கடன் வாங்கி நட்ட உழவருக்கு இது கட்டுபடியாகாது.

பத்ராசலம் காகித ஆலை 1989இல் குளோன் ஆய்வைத் தொடங்கியது. முதிர்ந்த தைலமரத்தின் கிளை எளிதில் வேர்விடாது. ஆகவே தேர்ந்தெடுத்த மரத்தை வெட்டி, அடிக்கட்டையில் துளிர்த்த இளங்கொம்புகளை நறுக்கி, வேரூக்கி தொட்டு, நீர்த்திவலை தெளிக்கும் பனிக்கூடத்தில் வைத்தார்கள். பிரேசிலின் அராக்ரூஸ் நிறுவனத்தார் இவ்வழியில் முன்னரே வென்று, 1984இல் மார்க்கஸ் வாலன்பெரி பரிசும் பெற்றிருந்தனர்.

அதே சி.ஜி.ஓ. வளாகத்து உயிரித் தொழில்நுட்பத் துறை அக்காலத்தில் ஊக்குவித்தது திசு வளர்ப்பை. காகித மரத்தில் நிலைத்ததோ விலை குறைந்த குச்சி. சொல்லின் வேரும் அதுவே: 1903இல் ஹெர்பர்ட் வெப்பர் கிரேக்கத்திலிருந்து எடுத்தாண்ட ‘குளோன்’ என்பதற்குச் சிறுகிளை என்று பொருள். முருங்கைப் போத்து நட்டவர் எவருக்கும் புதிதல்ல.

413, 526 என எண்களே பெயர்களாயின. ஓரெண்ணின் மரங்கள் யாவும் ஒரே மரபணுத்தொகுதி. வளர்ச்சி சீரானதைப் போலவே பலவீனமும் சீரானது. 2000களில் லெப்டோசைபி இன்வேசா என்னும் ஆஸ்திரேலியக் கழலைக் குளவி தென்னிந்தியாவுக்கு வந்தபோது சில குளோன்கள் தாக்குப்பிடித்தன; சிலவற்றை நாற்றங்கால்களே கைவிட்டன.

இப்போது உயிரி எரிசக்தியும் இதே மரத்தைக் கேட்கிறது. அதற்கான அமைச்சகமும் லோதி ரோட்டில்தான்! ஆனால் கூழுக்குத் தேர்ந்த குளோன் விறகுக்கும் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. லிக்னின் குறைந்த கட்டையைக் காகித ஆலை விரும்பும். கொதிகலனிலோ லிக்னின்தான் கூடுதல் வெப்பம் தருவது.